வன்னிஹாமி கையெழுத்துப் போடவில்லை, என் அம்மாவும் போடவில்லை

உப்புக்காற்று (திருகோணமலை)

பிரசன்ன விதானகேயின் 'புரஹந்த களுவர' என்ற சிங்களப் படத்தை எத்தனையோ பேர் பார்க்கச் சொல்லியும் தள்ளிப்போட்டே வந்தேன். போன போயா (பௌர்ணமி) விடுமுறையில் பார்த்துவிட்டேன். 1997இல் எடுத்த படம். முடிவையும் சொல்லித்தான் எழுதப்போகிறேன், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து வாசியுங்கள். இது விமர்சனம் இல்லை. படம் பார்த்ததிலிருந்து நெஞ்சுக்குள் ஏதோ அடைத்துக்கொண்டு நிற்கிறது. வீட்டில் கதைக்க முடியாது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. தண்ணீர் வற்றிய குளத்துக்குப் பக்கத்தில் ஒரு சிங்களக் கிராமம். வன்னிஹாமி என்று ஒரு கிழவர், கண் தெரியாதவர். மகன் பண்டார ஆமியில் (இராணுவத்தில்) இருக்கிறான். ஒருநாள் முத்திரை வைத்த பெட்டி வருகிறது. உள்ளே மகன் இருக்கிறான் என்கிறார்கள், திறக்கக் கூடாது என்கிறார்கள். புதைத்துவிடுகிறார்கள். கிழவர் மட்டும் நம்பவில்லை. மகன் வருவான் என்றே இருக்கிறார். பிறகு நட்டஈட்டுப் படிவம் வருகிறது. அவர் கையெழுத்துப் போட்டால்தான் காசு. மகன் கட்டத் தொடங்கிய வீடு அரைகுறையாக நிற்கிறது, மகளின் கலியாணம் நிற்கிறது, வீட்டில் ஒன்றும் இல்லை. ஆளுக்கு ஆள் வந்து சொல்கிறார்கள். அவர் போடமாட்டேன் என்கிறார். கடைசியில் மண்வெட்டியோடு போய் அந்தக் குழியைத் தோண்டுகிறார். பெட்டிக்குள் கிடப்பது வாழைத்தண்டும் கல்லும்.

குழி தோண்டும் இடத்தில் எனக்கு அழுகை வரவில்லை. அதற்கு வெகு முன்னமே அழுது முடித்துவிட்டேன். படிவத்தைப் பற்றி ஆட்கள் அவரோடு தன்மையாகக் கதைக்கிறார்களே, அந்த இடங்களில். ஒருவரும் கெட்டவர்கள் இல்லை. அவருடைய நன்மைக்குத்தான் சொல்கிறார்கள். அந்தத் தன்மையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஏனென்றால் அது எங்கள் விறாந்தையில் நடந்தது.

1990இல் அப்பா சைக்கிளில் வேலைக்குப் போனவர். நான் அப்போது பாலர் வகுப்பு. யார் மறித்தார்கள், எந்தச் சந்தியில் மறித்தார்கள் என்று கண்டவர்கள் இருக்கிறார்கள். அவ்வளவுதான், அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. சில வருடங்களுக்கு முன் இரண்டு பேர் படிவத்தோடு வீட்டுக்கு வந்தார்கள். எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம். நல்ல பிள்ளைகள். அம்மா பிளேன்டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் படிவத்தை முழுவதும் வாசித்தார். திருப்பிப் பின்பக்கத்தையும் வாசித்தார். பிறகு 'இறந்த திகதி' என்று இருந்த கட்டத்தில் விரலை வைத்து, "இதில என்ன திகதி எழுதுவீங்கள்?" என்று கேட்டார்.

"கடைசியா அவரைக் கண்ட திகதியை எழுதலாம் அம்மா."

"அண்டைக்கு அவர் உயிரோடதானே இருந்தவர்."

அதற்கு மேல் அவர்களுக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்கள். அம்மா இன்னும் கையெழுத்துப் போடவில்லை. நெற்றியில் குங்குமம் இருக்கிறது. ஆடி அமாவாசைக்குத் தகப்பன் இல்லாத பிள்ளைகள் கடலில் தீர்த்தமாடிப் பிதிர்க்கடன் செய்கிறார்கள், என் தம்பி ஒருநாளும் போனதில்லை. அம்மா விட்டதில்லை.

படம் பாதி ஓடும்போது அம்மா வந்து கதவடியில் நின்றார். அவருக்குச் சந்தையில் சாமான் வாங்குமளவுக்குத்தான் சிங்களம், கீழே ஓடும் ஆங்கில எழுத்தும் வாசிக்கத் தெரியாது. "அந்தக் கிழவனிட்ட என்ன கேக்கிறாங்கள்?" என்றார். மகன் செத்துவிட்டான் என்று கையெழுத்துக் கேட்கிறார்கள் என்றேன். "போட வேண்டாம் எண்டு சொல்லு" என்றார். என்னிடம் சொல்லவில்லை, திரையைப் பார்த்துத்தான் சொன்னார். அதோடு அடுப்படிக்குப் போய்விட்டார், முடிவைப் பார்க்கவில்லை.

இந்தப் படம் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். உங்களுக்கு என்ன செய்தது?

மூதூர்ப்பொடியன்

அக்கா, உங்கள் அம்மாவைப் பற்றி வாசிக்கும்போது எனக்கும் தொண்டை அடைத்தது. ஆனால் படத்தைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும், கோபிக்க வேண்டாம்.

இந்தப் படத்தை நான் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது பார்த்தேன். மண்டபத்தில் பாதிப் பேர் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அந்தப் பண்டார துவக்கோடு எங்கே நின்றவன்? எந்தச் சோதனைச் சாவடியில் நின்றவன்? படம் அதைக் கேட்கவே இல்லை. அவன் தங்கச்சிக்கு வீடு கட்டிய நல்ல பொடியன், அவ்வளவுதான். 2006 ஆகஸ்ட்டில் மூதூரிலிருந்து சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குழந்தை குட்டியோடு நடந்த சனத்தில் நானும் ஒருவன். ஷெல் அடித்தவர்களுக்கும் தகப்பன் இருந்திருப்பார்தான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நானும் அழ வேண்டும் என்று படம் எதிர்பார்க்கும்போது, முதலில் என் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார் என்று சொல்லத் தோன்றுகிறது. முழுப் படத்திலும் எங்களில் ஒருவர் முகம் இல்லை.

உங்கள் அப்பாவைக் கொண்டுபோனவர்களின் அப்பாவுக்காக நீங்கள் அழுகிறீர்கள். எப்படி முடிகிறது? குற்றம் சொல்லவில்லை, உண்மையாகவே கேட்கிறேன்.

கொட்டியாரம்

தம்பி கேட்ட கேள்வி நியாயமானது. 2001இல் படம் வெளிவந்த நேரம் நானும் இதையே கேட்டவன். ஓய்வுபெற்ற ஆசிரியன் நான், படத்தோடு இருபது வருடத்துக்கு மேல் பழக்கம் என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

படம் 1997இல் முடிந்துவிட்டது. ஜப்பானின் என்.எச்.கே. தொலைக்காட்சி நிறுவனம் காசு போட்டது. வெளிநாட்டு விழாக்களில் ஓடிய பிறகுதான் இங்கே திரைக்கு வர இருந்தது. அதற்குள் 2000 ஏப்ரலில் ஆனையிறவு ஆமி முகாம் புலிகளிடம் விழுந்தது. அந்தச் சூட்டோடு, போர் நடக்கும்போது இப்படிப் படம் காட்டக் கூடாது என்று அரசாங்கம் தடுத்துவிட்டது. விதானகே உயர் நீதிமன்றம் போனார். 2001இல் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் சனம் பார்த்தது.

ஏன் தடுத்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். படத்தில் போர்க்களம் இல்லை, ஒரு வெடிச்சத்தம் இல்லை, அரசாங்கத்தைத் திட்டி ஒரு வசனம் இல்லை. ஒரு குருட்டுக் கிழவர் படிவத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். அது ஒன்றுதான். ஆனால் அது எத்தனை வீட்டுக்குள் போகும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. தென்னிலங்கையில் முத்திரை வைத்த பெட்டி போன வீடுகள் ஒன்றா இரண்டா? அந்த வீடுகளில் ஒருவர் மண்வெட்டியை எடுத்தால் மற்றவரும் எடுப்பார்.

எங்கள் முகம் இல்லை என்பது உண்மை. அது அந்தப் படத்தின் குறையா, எல்லையா என்று என்னால் இன்னும் சொல்ல முடியவில்லை. விதானகே 2012இல் 'ஒப நத்துவ ஒப எக்க' எடுத்தார், தமிழில் 'பிறகு'. அதில் முன்னாள் ஆமிக்காரன் ஒருவன் மலைநாட்டில் அடகுக்கடை வைத்திருக்கிறான், தன் பழைய வேலையைச் சொல்லாமல் ஒரு தமிழ்ப்பெண்ணைக் கட்டுகிறான். அந்தப் பெண்ணாக அஞ்சலி பாட்டீல் நடித்திருப்பார். அவளுக்கு உண்மை தெரியவரும் இடத்தைத் தம்பி பார்க்க வேண்டும். நீ கேட்ட 'எங்கே நின்றவன்' என்ற கேள்வியை அவள் நேரே முகத்துக்கு முன்னால் கேட்கிறாள். அதே இயக்குநர்தான், ஆனால் இடையில் 15 வருடம் போயிருக்கிறது.

பிள்ளை உப்புக்காற்று, 'அண்டைக்கு அவர் உயிரோடதானே இருந்தவர்' என்ற வசனத்தை எந்தப் படத்திலும் நான் கேட்டதில்லை. அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும்.

நிலாவெளி_ரசிகன்

எனக்கு இந்தப் படம் முதல் தடவை பிடிக்கவில்லை. நித்திரை வந்தது. இரண்டாவது தடவைதான் உள்ளே போக முடிந்தது, அதற்குக் காரணம் ஜோ அபேவிக்ரம.

அவர் யார் என்று இங்கே பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். சிங்களப் படங்களில் சிரிப்பு வேடங்களில் தொடங்கியவர். 'வெலிகத்தர' (1971) படத்தில் வில்லங்கமான முதலாளியாக வந்து பெரிய நட்சத்திரமான காமினி பொன்சேகாவுக்கே ஈடு கொடுத்தவர். சனம் அவர் முகத்தைக் கண்டாலே சிரிக்கத் தயாராகிவிடும். அப்படிப்பட்ட முகத்தை இந்தப் படத்தில் முழுவதும் மூடி வைத்துவிட்டார். கண் இல்லை, வசனமும் குறைவு. கேட்கிறார், தடவுகிறார், அவ்வளவுதான். சிங்கப்பூர் விழாவில் இதற்காகத்தான் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. 2011இல் காலமாகிவிட்டார்.

கண் தெரியாத ஆள் என்பதால் நாங்களும் காதால் பார்க்கத் தொடங்குகிறோம். யார் வந்தாலும் அவருக்கு முதலில் காலடிதான் தெரியும். ஒருவர் பொய் சொல்கிறாரா, இரங்கிச் சொல்கிறாரா, அவசரத்தில் சொல்கிறாரா என்று குரலில்தான் பிடிக்கிறார். பெட்டியைக் கண்ணால் கண்டவர்கள் எல்லோரும் நம்பினார்கள், காணாதவர் நம்பவில்லை. அவர் நடக்கிற வேகத்துக்குத்தான் படமும் நடக்கிறது. அதைத்தான் முதல் தடவை நான் சலிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை. பெட்டிக்குள் வாழைத்தண்டு இருந்தது என்றால் மகன் உயிரோடு இருக்கிறான் என்று அர்த்தமா? உடல் கிடைக்கவில்லை, அதனால் வாழைத்தண்டை வைத்தார்கள் என்றும் இருக்கலாமே. கிழவர் வென்றாரா, தோற்றாரா?

உப்புக்காற்று (திருகோணமலை)

முதலில் மூதூர்த் தம்பிக்கு. நீ கேட்டது எனக்குக் கோபம் இல்லை. நான் பண்டாரவுக்காக அழவில்லை. அவன் எங்கே நின்றவன் என்ற கேள்வி படம் முடியும்வரை எனக்குள்ளும் இருந்தது. அப்பாவைக் கொண்டுபோனவர்களை மறந்துவிட்டு நான் அந்தக் கிழவரைப் பார்க்கவில்லை, அதை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் பார்த்தேன். ஆனால் அவர் அந்தப் படிவத்துக்கு முன்னால் இருந்த இருப்பு இருக்கிறதே, அதை எனக்கு விளக்கிச் சொல்ல ஆள் தேவையில்லை. அந்த இருப்பைக் காலம் முழுவதும் பார்த்து வளர்ந்தவள் நான். அடையாளம் கண்டுவிட்டேன். கண்ட பிறகு இவர் இன்னார் என்று பார்த்து அழுகையை நிறுத்த எனக்குத் தெரியவில்லை, நிறுத்த விரும்பவும் இல்லை.

படம் எங்களைப் பார்க்கவில்லை என்று நீ சொல்வது சரி. அதற்காக நான் அவர்களைப் பார்க்காமல் இருக்க வேண்டுமா?

நிலாவெளி ரசிகன், வென்றாரா தோற்றாரா என்ற கேள்வி எனக்கும் இருந்தது, இரவு முழுக்க. மகன் உயிரோடு இருப்பதற்கு வாழைத்தண்டு சாட்சி இல்லைதான். அது ஒன்றை மட்டும்தான் காட்டுகிறது: பெட்டியைக் கொண்டுவந்தவர்களுக்கும் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லிப் பூட்டி முத்திரை வைத்தார்கள். கிழவர் அதைத்தான் உடைத்தார்.

எல்லோரும் அம்மாவைப் பற்றி நினைப்பது, பாவம், புருஷன் வருவார் என்று காத்துக்கொண்டிருக்கிறாள் என்று. அம்மாவுக்குக் கணக்குத் தெரியும். அப்பா இருந்தால் இப்போது என்ன வயது என்று எனக்கு முதல் அவர் சொல்வார். அவர் உயிரோடு இருக்கிறார் என்று அம்மா எங்கேயும் சாதித்ததில்லை. 'தெரியாமல் நான் எழுதித் தரமாட்டேன், தெரிந்தவன் எழுதித் தரட்டும்' என்றுதான் சொல்கிறார். இது புத்தி பேதலித்த கதை இல்லை. எங்கள் வீட்டிலேயே தெளிவான ஆள் அம்மாதான். வன்னிஹாமியைப் பார்த்த பிறகு அதை இன்னும் உறுதியாகச் சொல்ல முடிகிறது.

சீனித்தொழிற்சாலைப்_பிள்ளை

கந்தளாயில் வளர்ந்தவன் நான். அப்பா சீனித் தொழிற்சாலையில் வேலை, குடியிருப்பில் எங்களுக்குப் பக்கத்து வீடு ஒரு சிங்களக் குடும்பம். தொழிற்சாலை 1993இல் மூடியதற்குச் சில வருடங்கள் முன் நடந்தது இது.

அந்த வீட்டு மூத்த அண்ணா ஆமிக்குப் போனார். எனக்குப் பட்டம் கட்டித் தந்தவர். பெட்டி வந்தது, முத்திரை வைத்துத்தான் வந்தது. முற்றத்தில் வெள்ளைக்கொடி கட்டினார்கள், பிக்குமார் வந்தார்கள், பக்கத்து வீடு என்பதால் தமிழ் ஆட்களும் போய் நின்றோம். தூக்கியவர்களில் என் அப்பாவும் ஒருவர். அன்று பின்னேரம் அப்பா கிணற்றடியில் குளித்துவிட்டு வந்து அம்மாவிடம் மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது: "வாய்க்கால் கடக்கேக்க பெட்டி சரிஞ்சது. உள்ளுக்கை ஏதோ உருண்டது."

அம்மா, "வெளியில கதைக்காதேங்கோ" என்றார். அப்பா கதைக்கவில்லை. அந்த அம்மாவுக்கு இன்றுவரை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் ஒவ்வொரு போயாவுக்கும் அந்தக் குழியில் விளக்கு வைத்தார். நாங்கள் அங்கிருந்து வெளிக்கிடும்வரை நான் கண்டிருக்கிறேன்.

இந்தப் படத்தில் குழி தோண்டும் காட்சி வந்தபோது என்னால் இருக்க முடியவில்லை, எழும்பி வெளியே போய்விட்டேன். பெட்டி திறந்ததை நான் பார்க்கவில்லை. நீங்கள் எழுதியதில்தான் உள்ளே கல்லும் இருந்தது என்று அறிகிறேன். உருண்ட சத்தம் அப்பாவின் வாயால் கேட்டு முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது.

மூதூர்ப்பொடியன்

வாசித்தேன். இப்போது ஒன்றும் எழுத வரவில்லை.

கிண்ணியா_ராத்தா

அஸ்ஸலாமு அலைக்கும். நான் படம் பார்க்கிற ஆள் இல்லை, என் மகன் இந்த இழையை வாசித்துக் காட்டினான். அதற்குப் பிறகு அவனோடு இருந்து பார்த்தேன்.

2004 சுனாமியில் என் நானாவை (அண்ணனை) கடல் கொண்டுபோனது. கிண்ணியாவில் ஆஸ்பத்திரியே போன நாள் அது. நானாவின் மையித்து (உடல்) கிடைக்கவில்லை. உப்பாற்றுப் பக்கம், குறிஞ்சாக்கேணிப் பக்கம் என்று எல்லா இடமும் தேடினோம். பிறகு பள்ளிவாசலில் காயிப் ஜனாஸா, அதாவது மையித்து இல்லாமல் தொழுகிற தொழுகை, தொழுதோம். மதினி புருஷனை இழந்தவர்கள் இருக்கிற இத்தாவை 4 மாதமும் 10 நாளும் இருந்தா. உம்மா அழுதா, ஆனால் அல்லாஹ் தந்தான், அவனே எடுத்துக்கொண்டான் என்று ஏற்றுக்கொண்டா. மரண அத்தாட்சிப் பத்திரத்துக்கும் நாங்கள்தான் போய் எழுதிக் கொடுத்தோம். அதில் எங்களுக்குக் கைநடுக்கம் இருந்தது, ஆனால் சந்தேகம் இருக்கவில்லை.

அதனால் முதலில் எனக்கு விளங்கவில்லை. மையித்து இல்லாத வீடுதான் எங்களுடையதும், பிறகு ஏன் அந்தக் கிழவருக்கும் உங்கள் உம்மாவுக்கும் ஏற்றுக்கொள்ள ஏலாமல் இருக்கிறது என்று. இரண்டு நாள் யோசித்தேன். எங்கள் நானாவைக் கடல் எடுத்தது. கடலைக் கூப்பிட்டு விசாரிக்க ஏலாது, அது யாரிடமும் பொய் சொல்லவும் இல்லை. உங்கள் வாப்பாவை மனிசர் எடுத்தார்கள். மனிசருக்கு வாய் இருக்கிறது, எங்கே வைத்தோம் என்று சொல்ல முடியும். சொல்லக்கூடியவர் இருக்கும்வரைக்கும் கேட்கிறவர் எப்படி எழும்பிப் போவது?

படத்தில் எனக்கு அதிகம் பட்டது மகள்தான். தகப்பனுக்குச் சோறு போட வேண்டும், அண்ணனுக்காக அழவும் வேண்டும், தன் கலியாணத்தைப் பற்றி வாய் திறக்கவும் ஏலாது. எல்லோரும் கிழவரைப் பற்றியே எழுதுகிறீர்கள். அந்தப் பிள்ளையைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை.

கொட்டியாரம்

ராத்தா சொன்னது எங்கள் எல்லோருக்கும் பாடம். மகளைப் பற்றி நானும் ஒரு வரி எழுதவில்லை.

பாலையூற்று_ஜெயா

மகளைப் பற்றிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். இவ்வளவு நாளும் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

நான் கையெழுத்துப் போட்டவள்.

என் கணவர் 2008இல் வீட்டிலிருந்து கொண்டுபோகப்பட்டார். மகளுக்கு அப்போது நடை பழகுகிற வயது. காணி உறுதி அவர் பெயரில், வங்கிப் புத்தகம் அவர் பெயரில். வீட்டுத்திட்டத்தில் எங்கள் பெயர் வந்தபோது காணி என் பெயரில் இருக்க வேண்டும் என்றார்கள். 2010இல் சட்டம் வந்தது, ஒரு வருடத்துக்கு மேல் ஆள் இல்லை என்றால் மரணச் சான்றிதழ் எடுக்கலாம் என்று. காணாமல் போனமைக்கான சான்றிதழ் என்று வேறொன்று 2016இல்தான் வந்தது. அதுவரை எனக்கு அந்தத் தெரிவு இல்லை, கூரையும் இல்லை. எடுத்தேன். இறந்த திகதி என்ற கட்டத்தில் அவர்கள் சொன்னதை எழுதினேன்.

மாமியார் அன்றிலிருந்து என்னோடு கதைக்கவில்லை. காணாமல் போனவர்களின் சங்கத்து அம்மாக்கள் ரோட்டில் அவர்களின் படத்தைக் கையில் ஏந்திக்கொண்டு இருக்கிற இடத்துக்குப் போக எனக்கு முகம் இல்லை. 2022இல் காணாமல் போனமைக்கான சான்றிதழ் வைத்திருக்கிற குடும்பத்துக்கு ஒரு இலட்சம் ரூபாய் தருவதாக அமைச்சரவை முடிவெடுத்தபோது அவர்கள் வேண்டாம் என்று நின்றார்கள். அவர்கள் நின்றதைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது, கூடவே வீட்டுக்குள் இருந்து அழுதேன்.

உங்கள் அம்மாவைப் பற்றி வாசிக்கும்போது அவர் எவ்வளவு பெரிய மனுசி என்று தெரிகிறது. ஆனால் போட்டவர்கள் எல்லோரும் விட்டுவிட்டவர்கள் இல்லை என்று ஒருவரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. அவருடைய கைபேசி இலக்கத்தை நான் இன்னும் சாக விடவில்லை. சிம்மை ஒரு பழைய நோக்கியாவில் போட்டு வைத்திருக்கிறேன். காலாவதியாகிவிடும் என்பதால் விடாமல் ரீலோட் போடுகிறேன். கடைக்காரப் பொடியன் இலக்கத்தைக் கேட்காமலே போடுவான், அவனுக்கு மனப்பாடம். சான்றிதழில் செத்தவருக்கு ரீலோட் போடுகிறவளை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

படம் நான் பார்க்கவில்லை. தனியாக இருந்து பார்க்கப் பயமாக இருக்கிறது.

சீனித்தொழிற்சாலைப்_பிள்ளை

அக்கா, நீங்கள் அந்த அம்மாக்களோடு போய் இருங்கள். ஒருவரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். என் பெரியம்மா அங்கே இருக்கிறார், அவரும் காணிக்காகச் சான்றிதழ் எடுத்தவர்தான்.

உப்புக்காற்று (திருகோணமலை)

ஜெயா அக்கா, உங்கள் பதிவை வேலைத்தலத்தில் இருந்து வாசித்தேன். வாசித்துவிட்டு உட்துறைமுக வீதியால் கொஞ்ச நேரம் நடந்துவிட்டுத்தான் திரும்ப வந்து இருக்க முடிந்தது.

நான் தலைப்பில் வைத்தது போட்டவர்களுக்கு எதிராக இல்லை. கையெழுத்துப் போடுகிற கையை நான் ஒருநாளும் பிழை சொல்ல மாட்டேன். எங்களுக்குத் தாத்தாவின் வீடு இருந்தது, அம்மாவுக்குத் தையல் மெஷின் இருந்தது, மாமா காசு அனுப்பினார். அதனால் அம்மாவால் போடாமல் இருக்க முடிந்தது. அந்த வீடு இல்லாமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஒரு கூரைக்காக ஒரு பெண்ணிடம் புருஷன் செத்தான் என்று எழுதி வாங்குகிறவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும், எழுதிக் கொடுத்தவள் இல்லை.

படத்தைத் திரும்ப ஒருதரம் பார்த்தேன், கிண்ணியா ராத்தா சொன்னதற்காக மகளை மட்டும் பார்த்துக்கொண்டு. படம் அவளைக் குற்றவாளி ஆக்கவில்லை. காசு தேவை என்று நினைக்கிறவள் அண்ணனில் பாசம் இல்லாதவள் என்று எந்த இடத்திலும் காட்டவில்லை. தகப்பன் போடமாட்டேன் என்று நிற்பதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று படத்துக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. முதல் தடவை நான் கிழவருக்குள் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்ததில் அந்த முகத்தை விட்டுவிட்டேன். அம்மாவின் பக்கத்தில் வளர்ந்த பிள்ளை நான்தானே. தம்பிக்கும் எனக்கும் கலியாணப் பேச்சு வந்த ஒவ்வொரு தடவையும் அழைப்பிதழில் அப்பாவின் பெயருக்கு முன்னால் 'அமரர்' போடுவதா என்று வீட்டில் இரண்டு நாள் யாரும் கதைக்காமல் இருப்போம். போடவில்லை, இரண்டு அழைப்பிதழிலும் போடவில்லை. என் மாமனார் வீட்டில் அதைப் பற்றி இன்றுவரை முணுமுணுப்பு இருக்கிறது.

அக்கா, தனியாகப் பார்க்க வேண்டாம். அடுத்த போயாவுக்கு எங்கள் வீட்டுக்கு வாருங்கள், மகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அன்புவழிபுரம்தான், பாலையூற்றிலிருந்து தூரமில்லை. முடிவு வேண்டாம் என்றால் இடையில் நிறுத்திவிடலாம். நீங்கள் கையெழுத்துப் போட்டவர் என்று அம்மாவிடம் முதலே சொல்லிவிட்டேன், பிறகு சங்கடம் வேண்டாம் என்று. "அதுக்கென்ன, வரச் சொல்லு. சின்னப் பிள்ளையை வச்சுக்கொண்டு வேற என்ன செய்யிறது" என்றார்.

பாலையூற்று_ஜெயா

வாறன் தங்கச்சி. மகளுக்குக் காலையில் டியூஷன், பத்து மணிக்குப் பிறகு என்றால் சரி. அம்மாவுக்கு என்ன சாப்பாடு பிடிக்கும், போயாவுக்குச் சைவமா?

உப்புக்காற்று (திருகோணமலை)

சைவம்தான். ஒன்றும் கொண்டுவர வேண்டாம், பத்தரைக்கு வாருங்கள். இலக்கத்தைத் தனிமடலில் அனுப்புகிறேன். நீங்களும் உங்களுடையதை அனுப்புங்கள்.

மூதூர்ப்பொடியன்

அக்காமார், எனக்கு அந்தக் கேள்வி இன்னும் அப்படியேதான் இருக்கிறது, பண்டார எங்கே நின்றவன் என்பது. அதை நான் விடப்போவதில்லை. ஆனால் 'பிறகு' படத்தை இந்தக் கிழமை பார்க்கப்போகிறேன். கொட்டியாரம் ஐயா, நல்ல பிரதி எங்கே கிடைக்கும் என்று தெரிந்தால் சொல்லுங்கள். பார்த்துவிட்டு அதற்குத் தனி இழை போடுகிறேன்.